விடுவதும் லெட், தடுப்பதும் லெட்

இந்தியப் பாஸ்போர்ட்டின் தொடக்கத்தில் குடியரசுத் தலைவரின் பெயரால் ஒரு நீண்ட வாக்கியம் அச்சாகியிருக்கிறது. இதை வைத்திருப்பவரைத் தாராளமாகப் போகவிடுங்கள், வேண்டிய உதவியும் பாதுகாப்பும் கொடுங்கள் என்று சம்பந்தப்பட்ட அனைவரையும் கேட்டுக்கொள்ளும் வாக்கியம் அது. அதன் நடுவே 'விதவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று ஒரு தொடர் வரும். ஆங்கிலத்தில் நல்ல பழக்கம் உள்ளவர்கள்கூட இந்த 'லெட்'டை 'அனுமதி' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்தால் 'அனுமதியும் இல்லாமல் தடையும் இல்லாமல் போக அனுமதியுங்கள்' என்று வாக்கியமே உளறலாகிவிடும். இங்கே லெட் என்றால் தடங்கல்.

'லெட்' என்ற ஒரே வடிவத்துக்குள் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு பழஞ்சொற்கள் குடியிருக்கின்றன. ஒன்று இன்றும் நாளுக்கு நூறு முறை புழங்குகிறது. மற்றொன்று வழக்கொழிந்து, பாஸ்போர்ட், பத்திரம், பழைய வேதாகமம், ஷேக்ஸ்பியர், விளையாட்டுத் திடல் ஆகிய சில இடங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய ஆங்கில ஆவணத்தையோ இலக்கியத்தையோ தமிழாக்குபவர்கள் இந்த இரண்டாவதை அடையாளம் காணப் பழகியே ஆகவேண்டும். தெரியாத சொல் என்றால் அகராதியைப் புரட்டுவோம். தெரிந்த சொல் என்று நினைத்துக் கடந்துபோவதால்தான் லெட் ஆளைக் கவிழ்க்கிறது.

முதலில் பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் நெடிலோடு ஒலித்த ஒரு வினை இருந்தது. ஏறக்குறைய 'லேட்டன்' என்று எழுதலாம். விட்டுவிடு, அனுமதி, வாடகைக்கு விடு என்பவை அதன் பொருள்கள். இன்னொன்று குறிலும் இரட்டித்த டகரமும் கொண்ட 'லெட்டன்'. தாமதப்படுத்து, தடு என்பது பொருள். இந்த இரண்டாவது வினை 'மெதுவான' என்று பொருள்பட்ட ஒரு பெயரடையிலிருந்து பிறந்தது. அந்தப் பெயரடைதான் பிற்காலத்தில் 'லேட்' ஆனது. 'பஸ் லேட்டு' என்று நாம் சொல்லும் அதே லேட். 'லாஸ்ட்' என்பதும் அதே குடும்பம். 'மிக மெதுவானது', அதாவது கடைசியில் வந்து சேர்வது. ஆக, தடுக்கும் லெட்டின் அடிப்படைக் கருத்து ஒருவரைத் தாமதிக்க வைப்பது. சுவர் எழுப்பி மறிப்பது என்பதைவிட, போகிறவரை இழுத்துப் பிடித்து நிற்க வைப்பது என்று கொண்டால் நெருங்கிவரும்.

காலப்போக்கில் உயிரொலிகள் குறுகின, விகுதிகள் உதிர்ந்தன, இரண்டும் 'லெட்' என்றே ஒலிக்கத் தொடங்கின. 'நான் அவனை லெட் செய்தேன்' என்றால் விட்டேனா தடுத்தேனா என்று கேட்பவருக்குத் தெரியாத நிலை. இப்படி மோதும்போது ஒன்று பின்வாங்கும். அன்றாடப் பேச்சில் அதிகம் தேவைப்பட்ட 'விடு' நிலைத்தது, 'தடு' ஒதுங்கியது. அந்த இடத்தை 'ஹிண்டர்', 'ப்ரிவென்ட்' போன்றவை எடுத்துக்கொண்டன. உறவு மொழிகளில் இந்த மோதல் நடக்கவில்லை. டச்சு மொழியில் 'லாட்டன்' என்றால் விடு, 'பெலெட்டன்' என்றால் தடு. ஜெர்மனில் 'லாசன்' என்றால் விடு. தடுக்கும் லெட்டின் உறவான 'ஃபெர்லெட்சன்' அங்கே காயப்படுத்து என்ற பொருளுக்குப் போய்விட்டது.

தமிழில் படிப்பவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. உயிரோடு இருக்கும் லெட்டின் கிளைப்பொருள்கள் பெரும்பாலானவற்றை 'விடு' என்ற ஒரே வினை அள்ளிக்கொள்கிறது. போகவிடு, வாடகைக்கு விடு, அவிழ்த்துவிடு, விட்டுவிடு, கைவிடு ஆகிய எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் லெட் வைத்த தொடர் இருக்கிறது. சென்னைத் தெருக்களில் தொங்கும் 'டு லெட்' பலகைக்கு 'வாடகைக்கு விடப்படும்' என்று எழுதுகிறோமே, அதில் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. எனவே சந்தேகம் வந்தால் முதல் சோதனை இதுதான்: அந்த இடத்தில் 'விடு' அல்லது '-அட்டும்' போட்டுப் பாருங்கள். 'அவன் போகட்டும்', 'அவனைப் போகவிடு' என்று வாக்கியம் இயல்பாக ஓடினால் அது பழகிய லெட். ஓடாமல் முட்டினால், அல்லது ஓடியும் முன்பின் வாக்கியங்களோடு சண்டை போட்டால், 'தடு' போட்டுப் பார்க்க வேண்டும்.

பொருளை மட்டும் நம்பினால் போதாது, ஏனென்றால் சில இடங்களில் இரண்டு பொருளும் பொருந்துவதுபோல் தோன்றும். அப்போது இலக்கண அமைப்பு கைகொடுக்கும். அனுமதிக்கும் லெட்டுக்குப் பின் ஆள் வரும், அந்த ஆளுக்குப் பின் 'டு' இல்லாத வெறும் வினை வரும்: 'லெட் ஹிம் கோ'. தடுக்கும் லெட்டுக்குப் பின் அந்த வெறும் வினை வராது. ஆள் மட்டும் வந்து வாக்கியம் முடிந்துவிடலாம்; அல்லது ஆளுக்குப் பின் 'ஃப்ரம்' வந்து, எதிலிருந்து தடுக்கப்பட்டார் என்று சொல்லலாம். லெட்டுக்கு அருகில் 'ஃப்ரம்' தென்பட்டால் பேனாவை நிறுத்திவிட்டு ஒருமுறை யோசியுங்கள்.

'லெட்டட்' என்று இறந்தகால வடிவம் கண்டால் அது பெரும்பாலும் தடுத்த லெட்தான். அனுமதித்த லெட்டுக்கு இறந்தகாலமும் 'லெட்' என்றே இருக்கும். பெயர்ச்சொல்லாக, அதுவும் 'விதவுட்', 'எனி', 'நோ' ஆகியவற்றின் பின் வந்தால் ஏறத்தாழ உறுதியாகத் தடங்கல்தான். இன்றைய பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் வீட்டை வாடகைக்கு விடும் ஏற்பாட்டையும் 'எ லெட்' என்பதுண்டு. அங்கே மாதக்கணக்கு, வாடகை, வீட்டுக்காரர் என்று சுற்றுப்புறமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு சிறு கண்ணி. பழைய நடையில் 'ஹி டிட் நாட் லெட் டு ஸ்பீக்' போன்ற அமைப்பு வரும். லெட்டுக்குப் பின் ஆள் இல்லை, நேராக 'டு' போட்ட வினை. இதைத் 'தடுக்கவில்லை' என்றோ 'அனுமதிக்கவில்லை' என்றோ எழுதினால் தவறு. 'அவன் பேசாமல் விடவில்லை' என்பதே பொருள். அதாவது பேசியே தீர்த்தான். இது விட்டுவிடும் லெட்டின் பழைய கிளை. பாருங்கள், இங்கும் 'விடு' வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இரண்டு லெட்டும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால் 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் வேதாகமத்தில் யாத்திராகமம் 5-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளலாம். முதல் வசனத்தில் மோசேயும் ஆரோனும் பார்வோனிடம் 'லெட் மை பீப்பிள் கோ' என்கிறார்கள். என் ஜனங்களைப் போகவிடு. நான்காம் வசனத்தில் பார்வோன் திருப்பிக் கேட்கிறான்: நீங்கள் ஏன் 'லெட் த பீப்பிள் ஃப்ரம் தெயர் வொர்க்ஸ்'? ஜனங்களை ஏன் வேலை செய்யவிடாமல் கெடுக்கிறீர்கள் என்பது கேள்வி. அந்த 'ஃப்ரம்'தான் சாட்சி. மூன்றே வசன இடைவெளியில் ஒரே சொல் எதிரெதிராகப் பேசுகிறது. அன்றைய வாசகருக்கு இதில் குழப்பமே இருந்திருக்காது. அமைப்பைக் கொண்டே காது பிரித்துக்கொள்ளும்.

அதே வேதாகமத்தில் இன்னும் சில இடங்கள். ஏசாயா 43:13-இல் 'ஹூ ஷல் லெட் இட்?' என்று வருகிறது. தமிழ் வேதாகமம் இதை 'நான் செய்கிறதைத் தடுப்பவன் யார்?' என்று தெளிவாகச் சொல்கிறது. ரோமர் 1:13-இல் பவுல், உங்களிடம் வரப் பலமுறை நினைத்தேன், ஆனால் 'வாஸ் லெட் ஹிதர்ட்டு' என்கிறார், இதுவரை தடைப்பட்டேன். 2 தெசலோனிக்கேயர் 2:7-இல் 'ஹி ஹூ நவ் லெட்டத் வில் லெட்' என்று ஒரு தொடர் வரும். இன்றைய கண்ணுக்கு அது புதிர்போலத் தெரியும். இப்போது தடுத்துக்கொண்டிருப்பவன் இனியும் தடுப்பான் என்று பொருள். தமிழில் 'தடைசெய்கிறவன்'. 1881-இல் வந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பு இங்கே லெட்டை எடுத்துவிட்டு, 'கட்டுப்படுத்துகிற' என்று பொருள்படும் 'ரிஸ்ட்ரெய்னத்' போட்டது. ரோமர் வசனத்தில் 'ஹிண்டர்ட்' போட்டது. அதற்குள் ஆங்கிலேயர்களுக்கே பழைய சொல் பிடிபடாமல் போயிருந்தது.

தமிழ் வேதாகமம் மூல மொழிகளான எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் அடியொற்றியது. ஆகவே ஆங்கில லெட்டின் வலையில் அது சிக்கவில்லை. கிங் ஜேம்ஸ் நடையை மேற்கோள் காட்டும் பழைய ஆங்கிலக் கடிதமோ பிரசங்கமோ கையில் இருந்தால், வசன எண்ணைப் பிடித்துத் தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். அகராதியைவிட விரைவில் விடை கிடைக்கும். இந்த வழி லெட்டுக்கு மட்டுமல்ல, 'ப்ரிவென்ட்' போன்ற சொற்களுக்கும் உதவும். இன்று 'தடு' என்று பொருள்படும் ப்ரிவென்ட், கிங் ஜேம்ஸ் காலத்தில் 'முந்து' என்ற பொருளில் இருந்தது. 'முன்னே வருதல்' என்ற லத்தீன் மூலத்தின் நேர்ப்பொருள் அது. 1 தெசலோனிக்கேயர் 4:15-இல் உயிரோடிருப்பவர்கள் இறந்தவர்களை 'ப்ரிவென்ட்' செய்யமாட்டார்கள் என்றால், அவர்களுக்கு 'முந்திக்கொள்வதில்லை' என்று பொருள். லெட் தடுப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற, முந்திக்கொண்டிருந்த ப்ரிவென்ட் அந்த வேலையில் சேர்ந்துவிட்டது.

ஷேக்ஸ்பியரில் மிகவும் பேர்போன இடம் ஹாம்லெட் முதல் அங்கம், நான்காம் காட்சி. தந்தையின் ஆவி ஹாம்லெட்டைக் கைகாட்டி அழைக்கிறது. நண்பன் ஹொரேஷியோவும் காவலன் மார்செல்லஸும் அவனைப் போகவிடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். அவன் திமிறிக்கொண்டு, 'ஐல் மேக் எ கோஸ்ட் ஆஃப் ஹிம் தட் லெட்ஸ் மீ' என்கிறான். என்னைத் தடுப்பவன் எவனோ அவனையே ஆவியாக்கிவிடுவேன். 'என்னை விடுகிறவனை' என்று பெயர்த்தால் தன்னை விடச் சொல்லிக்கொண்டே, விடுகிறவனைக் கொல்வேன் என்று மிரட்டுவதாகிவிடும். 'மீ'யோடு வாக்கியம் நின்றுவிடுவதைக் கவனியுங்கள். பின்னால் வெறும் வினை இல்லை. 'வாட் லெட்ஸ்?' என்று கேள்வியாக வருவதும் உண்டு. 'என்ன தடை?' என்பது அதன் பொருள்.

நூல் தவறு வாசகரோடு போகும். பத்திரத் தவறு நிலத்தோடு நிற்கும். பழைய ஆங்கிலக் கிரயப் பத்திரங்களிலும் குத்தகைப் பத்திரங்களிலும், வாங்கியவர் சொத்தை அமைதியாக அனுபவிக்கலாம் என்று உறுதிகூறும் பகுதி ஒன்று இருக்கும். 'விதவுட் எனி லெட், சூட், ட்ரபுள், எவிக்‌ஷன், இன்டரப்ஷன், க்ளெய்ம் ஆர் டிமாண்ட்' என்று சொற்கள் வரிசைகட்டி நிற்கும். பின்னால் 'விற்பவராலோ அவர் வழியாக உரிமை கோருபவராலோ' என்ற பொருளில் ஒரு நீட்சி இருக்கும்.

இந்த வரிசையில் லெட்டை 'அனுமதி' என்று பெயர்த்தால், 'விற்பவரின் அனுமதியோ வழக்கோ தொந்தரவோ இன்றி அனுபவித்துக்கொள்ள' என்று வரும். இது காதுக்குத் தவறாகவே படாது! சொத்தை விற்றாயிற்று, இனி அவர் அனுமதி எதற்கு என்று படிப்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். பாஸ்போர்ட் வாக்கியத்தில் தவறு உளறலாகி உடனே அகப்பட்டுவிடும். பத்திரத்திலோ அர்த்தமுள்ள வேறொரு வாக்கியமாக உருமாறி ஒளிந்துகொள்ளும். ஆனால் சட்டப்படி உறுதி மாறிப்போகிறது. மூலம் சொல்வது 'நான் இடைஞ்சல் செய்யமாட்டேன்' என்ற வாக்குறுதி. பெயர்ப்பு சொல்வது 'உனக்கு என் அனுமதி தேவையில்லை' என்ற வெறும் தகவல். பிழை திருத்துபவர் வரிசையின் நடுச்சொல்லைத் தனியாகச் சோதித்தால்தான் இது அகப்படும்.

குத்தகைப் பத்திரம் இன்னும் கடினம், ஏனென்றால் இரண்டு லெட்டும் அதற்குள்ளேயே இருக்கும். தொடக்கத்தில் உரிமையாளர் வீட்டை 'லெட்' செய்கிறார்: வாடகைக்கு விடுகிறார். நடுவில் குடியிருப்பவர் 'சப்லெட்' செய்யக்கூடாது: உள்வாடகைக்கு விடக்கூடாது. இறுதிப் பக்கங்களில், வாடகையை ஒழுங்காகக் கட்டினால் 'விதவுட் எனி லெட்' அனுபவிக்கலாம்: தடங்கலின்றி. இப்போதெல்லாம் கணினியில் ஒரு சொல்லுக்கு ஒரு பெயர்ப்பை நிலைநிறுத்தி, ஆவணம் முழுக்க ஒரேயடியாக மாற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் இந்த மூன்றாவது இடம் 'வாடகைக்கு விடாமல்' என்று வந்து நிற்கும். ஒரேயடியான மாற்றத்தை இந்தச் சொல்லுக்கு மட்டும் நிறுத்திவையுங்கள். லெட் வருகிற ஒவ்வொரு இடத்தையும் தேடி எடுத்து, விடு, உள்வாடகை, தடங்கல் என்று கையால் குறித்துவிட்டுப் பெயர்ப்பைத் தொடங்குவது நல்லது. முப்பது பக்கப் பத்திரத்தில்கூட இது பத்து நிமிட வேலைதான்.

வரிசையைப் பெயர்க்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனி இணை கொடுக்க வேண்டும். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் பெயர்ப்பு என்றால் இது கட்டாயம். எதிர்த்தரப்பு சொல்லுக்குச் சொல் எண்ணிப் பார்ப்பார்கள். லெட்டுக்குத் தடங்கல், சூட்டுக்கு வழக்கு அல்லது தாவா, ட்ரபுளுக்குத் தொந்தரவு, எவிக்‌ஷனுக்கு வெளியேற்றம், இன்டரப்ஷனுக்குக் குறுக்கீடு, க்ளெய்முக்குப் பாத்தியக் கோரிக்கை, டிமாண்டுக்குக் கேட்பு என்று பிரித்துக்கொள்ளலாம். 'ஹிண்ட்ரன்ஸ்' வந்தால் இடையூறு. லெட்டுக்கும் ஹிண்ட்ரன்ஸுக்கும் 'தடை' என்ற ஒரே சொல்லைப் போட்டால் ஏதோ ஒன்று விடுபட்டதுபோல் தெரியும். அதோடு, 'தடை' என்பதை நீதிமன்றத் தடையாணையாக எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. பத்திரத்தில் 'தடங்கல்' பாதுகாப்பானது.

யாருடைய தடங்கல் என்பதிலும் கவனம் வேண்டும். 'விற்பவரும் அவர் மூலம் உரிமை கோருபவர்களும்' என்று மூலம் எல்லை கட்டியிருந்தால், பெயர்ப்பில் 'யாதொருவருடைய தடங்கலும் இன்றி' என்று அகலப்படுத்தக் கூடாது. வழியில் போகிற அந்நியர் வம்பு செய்தாலும் விற்பவரே பொறுப்பு என்று வாக்குறுதி வீங்கிவிடும். நம் தமிழ்ப் பத்திர நடையில் 'யாதொரு' என்பது கை தானாக எழுதும் சொல். இங்கே கையைக் கட்டிப்போட வேண்டும்.

1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் இந்த வம்பில் மாட்டிக்கொள்ளவில்லை. குத்தகைதாரர் வாடகையைக் கட்டி நிபந்தனைகளை நிறைவேற்றினால் குத்தகைக் காலம் முழுக்க 'விதவுட் இன்டரப்ஷன்' சொத்தை வைத்திருக்கலாம் என்றுதான் அதன் 108-ஆம் பிரிவு சொல்கிறது. தடுக்கும் லெட் என்ற பேச்சே அங்கில்லை. பத்திரங்களில் அது தொடர்ந்து வருவதற்குப் பழைய மாதிரிப் படிவங்களைப் பார்த்தெழுதும் பழக்கமே காரணம். நம் கிரயப் பத்திரத்தில் 'தானாதி வினியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய்' என்ற வரி பொருள் தெரியாமலே நகலாகி நகலாகி வருகிறதே, அதே கதை.

பாஸ்போர்ட் தொடருக்கு ஒரு நல்ல தமிழ் இருக்கிறது. ஆங்கிலச் சட்ட நடையில் இரட்டைச் சொற்கள் ஏராளம். ஒன்று ஆங்கிலம், மற்றொன்று பிரெஞ்சு என்று இரு தரப்புக்கும் புரிய வைக்கத் தோன்றியவை என்று விளக்குவார்கள். லெட்டும் ஹிண்ட்ரன்ஸும் அந்த விளக்கத்தில் அடங்குவதில்லை; இரண்டின் வேரும் ஆங்கிலமே, ஹிண்ட்ரன்ஸின் விகுதி மட்டும் பிரெஞ்சிலிருந்து ஒட்டியது. முன்னது காலத்தைக் குறிவைக்கிறது, பின்னது வழியை. தாமதிக்க வைக்காதே, மறிக்காதே. அமெரிக்க, கனடியப் பாஸ்போர்ட்டுகளில் இதே இடத்தில் 'விதவுட் டிலே ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று இருப்பதே இதற்கு நல்ல உரை. லெட் நிற்கும் இடத்தில் அவர்கள் தாமதத்தை வைத்திருக்கிறார்கள். சொல்லின் வேருக்கே திரும்பிவிட்டார்கள். இந்தியா பிரிட்டிஷ் வாசகத்தின் லெட்டை அப்படியே வைத்துக்கொண்டது.

தமிழில் 'தங்குதடையின்றி' என்கிறோம். தங்கு என்பது நிற்றல், தாமதித்தல். தடை என்பது மறிப்பு. ஆங்கில இரட்டைக்கு இரண்டு பாதியும் நேர்நேராகப் பொருந்தும் தமிழ் இரட்டை. 'அவர் தங்குதடையின்றிப் பேசினார்' என்று பேச்சுக்கே இதை அதிகம் செலவழித்துவிட்டோம். 'இதை வைத்திருப்பவரைத் தங்குதடையின்றிச் செல்ல அனுமதிக்குமாறு' என்று எழுதிப் பாருங்கள். அடைப்புக்குறியோ அடிக்குறிப்போ தேவைப்படாது. ஆனால் பத்திர வரிசையில் இதைப் போடக்கூடாது. அங்கே ஒவ்வொரு சொல்லும் தனியாக நிற்க வேண்டும் என்று முன்பே பார்த்தோம்.

விளையாட்டுக்கு வருவோம். டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையில் உரசி, ஆனாலும் சரியான கட்டத்தில் விழுந்தால் 'லெட்'. அந்த ஒரு சர்வீஸை மட்டும் மறுபடி போடவேண்டும். முதல் சர்வீஸ் ஏற்கெனவே தவறியிருந்தால் அது தவறியதுதான். இரண்டாவதை மட்டும் திரும்பப் போடலாம். ஆட்டத்தின் நடுவே பக்கத்துத் திடலிலிருந்து பந்து உருண்டு வந்து குறுக்கிட்டால் அதுவும் லெட். அப்போது அந்தப் புள்ளியையே முதலிலிருந்து ஆடவேண்டும். வலையில் பட்டதால் 'நெட்' என்பதுதான் திரிந்து லெட் ஆனது என்று சொல்வோர் உண்டு. பந்து உருண்டு வந்த இடத்தில் வலைக்கு வேலையே இல்லை என்பதால் அந்த விளக்கம் தேறவில்லை. இயல்பான ஆட்டத்துக்கு ஒரு தடங்கல் வந்தது, மறுபடி ஆடு என்பதே சரியாகப் பொருந்துகிறது.

ஸ்குவாஷில்தான் சொல் இன்னும் பழைய உயிரோடு இருக்கிறது. இருவரும் ஒரே அறைக்குள், ஒரே சுவரை நோக்கி ஆடுவதால் ஒருவர் மற்றவர் வழியில் நிற்பது அடிக்கடி நடக்கும். பந்தை எடுக்கப் போனவருக்கு எதிராளி குறுக்கே நின்றால் அவர் அடிக்காமல் நிறுத்தி, 'லெட் ப்ளீஸ்' என்று நடுவரிடம் கேட்பார். நடுவர் மூன்றில் ஒன்றைச் சொல்வார். 'எஸ் லெட்' என்றால் இடையூறு இருந்தது, மறுபடி ஆடுங்கள். 'நோ லெட்' என்றால் கேட்டவருக்கு மறு ஆட்டம் கிடையாது, புள்ளி எதிராளிக்கு. 'ஸ்ட்ரோக்' என்றால் புள்ளி கேட்டவருக்கே. சென்னை இந்தியாவின் ஸ்குவாஷ் தலைநகர் என்றே சொல்லலாம். ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும் இந்த ஊர்க்காரர்கள். ஆனாலும் செய்தியைத் தமிழில் எழுதும்போது 'லெட் கேட்டார்' என்பதை 'அனுமதி கேட்டார்' என்று ஆக்கிவிட்டால் ஆட்டமே புரியாது. 'இடையூறு என்று முறையிட்டார்' என்று எழுதலாம். அல்லது லெட் என்றே வைத்து முதல்முறை மட்டும் ஒரு வரி விளக்கலாம். விளையாட்டுப் பக்கத்துக்கு இரண்டாவதே மேல். ஆடுகிறவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

லெட் போலத் தோன்றி உறவே இல்லாதவை சில உண்டு. 'புக்லெட்' போன்ற சொற்களின் கடைசி லெட் சிறுமை காட்டும் விகுதி, பிரெஞ்சு வழி வந்தது. 'லெஸ்ட்' என்பது 'நேர்ந்துவிடாதபடி' என்ற பொருளுடைய வேறு சொல். தடுக்கும் வாடை அடிப்பதால் உறவு என்று தோன்றும், இல்லை. பழைய நூல்களில் 'தடுப்பவர்' என்ற பொருளிலும் 'லெட்டர்' வரும். எழுத்து, கடிதம் என்ற லெட்டருக்கும் அதற்கும் தொடர்பில்லை. லெட்டைப் போலவே இரண்டு சொற்கள் ஒரே வடிவில் வந்து சேர்ந்த இன்னொன்று 'லீவ்'. விட்டுச் செல்வது ஒரு லீவ், அனுமதி என்பது வேறொரு லீவ். பள்ளிக்குப் போகாத பிள்ளை எழுதும் லீவ் லெட்டரில் இருப்பது இரண்டாவது. அது அனுமதிக் கடிதம். விடுமுறை என்ற பொருள் அதிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

அகராதி பார்க்கும்போது முதல் பதிவோடு நிறுத்தாதீர்கள். பெரிய ஆங்கில அகராதிகள் வேர் வேறான சொற்களைத் தனித்தனிப் பதிவாக, தலைச்சொல்லின் மேல் சிற்றெண் இட்டுக் கொடுக்கும். தடுக்கும் லெட் இரண்டாம் எண்ணிலோ அதற்கும் பின்னோ இருக்கும். அருகில் 'ஆர்க்கெயிக்' என்ற குறிப்பு இருக்கும். 'ஆர்க்கெயிக்' என்றால் பழைய வாடைக்காகவோ நிலைத்த தொடர்களிலோ இன்னும் எடுத்தாளப்படுவது; 'ஆப்சலீட்' என்றால் முற்றிலும் செத்துப்போனது. கைபேசியில் கிடைக்கும் சிறு ஆங்கிலம்–தமிழ் அகராதிகளில் பெரும்பாலும் முதல் பதிவு மட்டுமே இருக்கும். பழைய ஆவணத்துக்கு அவற்றை நம்பக் கூடாது. நூலின் காலத்தையும் பாருங்கள். 1700-க்கு முந்தைய ஆங்கிலம் என்றால் ஒவ்வொரு லெட்டையும் சந்தேகிக்கலாம். 1900-க்குப் பிந்தையது என்றால் 'விதவுட்' பின்னால் வருவதையும் விளையாட்டையும் மட்டும் கவனித்தால் போதும். இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளில் சட்டம், சமயம், வேண்டுமென்றே பழமை பூசிய கவிதை ஆகிய மூன்றும் கண்காணிக்க வேண்டியவை.

புதிதாக ஆங்கிலத்தில் பத்திரம் எழுதுகிறவர்கள் இந்த லெட்டைத் தாராளமாக விட்டுவிடலாம். 'இன்டரப்ஷன்' போதும், சட்டமே அதைத்தான் பயன்படுத்துகிறது. பழைய மாதிரிப் படிவத்திலிருந்து எடுத்தெழுதியே ஆகவேண்டிய கட்டாயம் இருந்தால், லெட்டை வரிசையில் தனியாக விடாமல் 'லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று இணையாக வையுங்கள். பக்கத்தில் ஹிண்ட்ரன்ஸ் நிற்கும்போது, நாளைக்கு அதைத் தமிழாக்க உட்காருபவர் அந்த லெட்டை அனுமதி என்று எழுதக் கொஞ்சமாவது தயங்குவார்.